பசை ட்யூப்பைத் திறந்தது யார்?

1

பிரான்சில் வெளிநாட்டுக்காரர்களுக்குக் கொடுக்கும் தங்கும் அட்டை பத்து வருடம் செல்லும். என்னுடையது இந்த அக்டோபரில் முடிந்தது. புதுப்பிக்கப் போன இடத்தில் விண்ணப்பப் பாரம் நிரப்பும்போதுதான் இந்த நாட்டுக்கு வந்து பதினொரு வருடம் ஆகிவிட்டது என்று உறைத்தது.

காலை ஏழு மணிக்கே வரிசை வாசலைத் தாண்டி ரோட்டுக்கு வந்திருந்தது. உள்ளே போய் உட்கார்ந்து, என் பெயரைக் கூப்பிட மூன்று மணி நேரமானது. என் மலேசியக் கடப்பிதழில் 'பரமேஸ்வரி ஏ/பி முனியாண்டி' என்று இருக்கும். நம் ஊரில் நடுவில் வரும் அந்த இரண்டு எழுத்துக்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை. முனியாண்டியின் மகள், அவ்வளவுதான். இங்கே முதல் அட்டை போட்டவர் அதையே என் குடும்பப் பெயராக்கிவிட்டார். பிரெஞ்சில் அந்த எழுத்துகளைச் சேர்த்து வாசித்தால் 'ஆபே' என்று வரும். கிட்டத்தட்ட அதே ஒலியில் பாதிரியாருக்கு ஒரு வார்த்தை உண்டு. "மதாம் ஆபே!" என்று ஒலிபெருக்கியில் கூப்பிட்டதும் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் எழுந்து போனேன்.

"தொழில்?" என்று கேட்டார் கவுன்டரில் இருந்த அம்மாள்.

"ஒட்டுகிறவள்" என்று பிரெஞ்சில் சொன்னேன்.

"சுவரொட்டியா?"

இல்லை, கண்ணாடி என்று சொல்ல வாயெடுத்தேன். என்ன கண்ணாடி, எதற்கு, எந்த நிறுவனம் என்று அவர் கேட்பார். அதற்கு இன்னொரு தாள் வேண்டும் என்பார். அந்தத் தாளுக்கு இன்னொரு நாள் வர வேண்டும். பின்னால் நாற்பது பேர் இருந்தார்கள். ஆமாம் என்றேன். அவரும் எழுதிக்கொண்டார். ஆக, பிரெஞ்சு அரசாங்கத்தின் காகிதத்தில் நான் இன்னும் பத்து வருடத்துக்குச் சுவரொட்டி ஒட்டுகிற பாதிரியார்.

சிம்பாங் அம்பாட் பக்கத்துத் தோட்டப் பள்ளியில் என்னோடு படித்தவர்கள் ஆண்டு மலர் போடுகிறார்கள். வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். பனியைப் பற்றியும் ரொட்டியைப் பற்றியும் எழுதலாம். அதையெல்லாம் எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் இந்த வருடம் எனக்கு நடந்த ஒன்றை எழுதுகிறேன். அதற்கு முதலில் என் வேலையைச் சொல்ல வேண்டும்.

2

நாங்கள் இருக்கும் ஊர் ஒரு பள்ளத்தாக்கு. மூன்று பக்கம் மலை. ஊருக்கு வெளியே ஓர் ஆராய்ச்சிக் கூடம். அதில் கால்பந்துத் திடலை உள்ளே போட்டு மூடிவிடலாம் என்கிற அளவுக்கு ஒரு பெரிய வளையம் இருக்கிறது. அந்த வளையத்துக்குள் எலக்ட்ரான்கள் சுற்றிக்கொண்டே இருக்கும். அவை வளையும் இடத்திலெல்லாம் எக்ஸ்ரே வெளிச்சம் கிளம்பும். ஆஸ்பத்திரி எக்ஸ்ரேயை விடப் பல மடங்கு தீவிரமானது. அதைக் குழாய் வழியாகக் கொண்டுபோய், உப்புப் பரல் அளவு இருக்கும் ஒரு பொருளின் மேல் விழச் செய்து, அதன் உள்ளமைப்பைப் பார்ப்பார்கள்.

இந்த வெளிச்சத்தைக் குவிக்கக் கண்ணாடி வேண்டும். ஆனால் சாதாரணக் கண்ணாடியில் எக்ஸ்ரே நேராக விழுந்தால் உள்ளே போய்விடும், திரும்பாது. தட்டைக் கல்லை ஈயம் தோண்டிய குட்டையில் சாய்த்து வீசினால் தத்தித் தத்திப் போகுமே, அந்த மாதிரி மிகச் சாய்வாகப் பட்டால்தான் திரும்பும். அதனால் கண்ணாடி ஒரு முழத்துக்கு மேல் நீளமாக இருக்கும். கொஞ்சம் வளைந்தும் இருக்க வேண்டும். எவ்வளவு வளைய வேண்டும் என்பது ஒவ்வொரு சோதனைக்கும் மாறும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கண்ணாடி செய்து கட்டுப்படியாகாது. ஆகவே, மின்சாரம் கொடுத்தால் தானாக வளைகிற கண்ணாடி.

அது நாலு அடுக்கு. மேலேயும் கீழேயும் சிலிக்கன் பலகை, நடுவில் இரண்டு பீங்கான் தகடு. இந்தப் பீங்கானுக்கு மின்சாரம் கொடுத்தால் ஒன்று நீளும், மற்றது சுருங்கும். இரண்டும் ஒட்டியிருப்பதால் எங்கும் போக முடியாமல் மொத்தமும் வளையும், வெயிலில் வைத்த அப்பளம் ஓரம் தூக்குவதுபோல. ஆனால் நம் கண்ணுக்குத் தெரியாது. இந்த நாலையும் ஒட்டுவது என் வேலை. பசை தலைமுடியை விட மெல்லிசாக, எல்லா இடத்திலும் ஒரே கனமாக இருக்க வேண்டும். காற்றுக் குமிழி ஒன்றுகூட இருக்கக் கூடாது. சூடாக்கி வேகமாகக் காயவைக்கவும் முடியாது. சிலிக்கன் ஒரு மாதிரி விரியும், பீங்கான் வேறு மாதிரி. ஆறும்போது கோணிக்கொள்ளும். லேசான சூட்டில் நாட்கணக்கில் விட வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் இருந்தவர், எந்தப் பிரிவு என்று கேட்டார். 'பசையில் இருக்கிறேன்' என்று சொல்வதாக நினைத்து ஒரு வாக்கியம் சொன்னேன். மேசையே சிரித்தது. கல்யாணம் செய்யாமல் ஒருவரோடு குடித்தனம் நடத்துகிறேன் என்று அதற்கு அர்த்தமாம். என் கணவர் தனசேகர் காரைக்காலில் பிறந்து இங்கே வளர்ந்தவர், டிராம் ஓட்டுகிறார். அவரிடம் சொன்னபோது, "நல்லவேளை, யாரோடன்னு கேக்கல" என்றார்.

மகள் மாலினிக்கு ஒன்பது வயது. நான் தமிழில் கேட்டால் புரிந்துகொள்வாள், பதில் பிரெஞ்சில் வரும். வகுப்பில் பெற்றோர் என்ன வேலை செய்கிறார்கள் என்று எழுதச் சொன்னபோது, 'அம்மா எக்ஸ்ரேயில் வேலை பார்க்கிறாள்' என்று எழுதியிருந்தாள். பசையை விட்டுவிட்டாள். ஊரில் என் தங்கை ஜெயா கடிதத்தில், "ஜன்னல் கண்ணாடியா, கார் கண்ணாடியா?" என்று கேட்டிருந்தாள். இரண்டு பக்கம் விளக்கி எழுதினேன். அடுத்த கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை.

3

எங்கள் பசை சிறிய ட்யூப்பில் வரும். உறைநிலைக்கு வெகு கீழே குளிரூட்டிய பெட்டியில் வைத்திருப்போம். வெளியே எடுத்தால் மூடியைத் திறக்காமல் ஒரு மணி நேரம் நிற்க வைக்க வேண்டும். குளிர் போவதற்கு முன்னால் திறந்தால், கடையில் ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த போத்தல் வியர்ப்பதுபோல, காற்றின் ஈரம் பசையில் இறங்கிவிடும். ஒட்டும்போது ஒன்றும் தெரியாது. காயும்போது அந்த ஈரம் நுண்ணிய குமிழிகளாகும்.

சென்ற வருடக் கடைசியில் ஒட்டிய ஒரு கண்ணாடி, மெருகேற்றும் இடத்துக்குப் போய் மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தது. பிப்ரவரியில் மின்சாரம் கொடுத்துச் சோதித்தார்கள். கண்ணாடி வளைந்தது. ஒரு மூலை மட்டும் வளையவில்லை. ஒலி அலை விட்டுப் படம் எடுத்துப் பார்த்தால், அந்த மூலையில் உளுந்து சிதறினதுபோல வெள்ளைப் புள்ளிகள். அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. இதே புள்ளிகளை நான் முன்பு ஒரு தடவை பார்த்திருக்கிறேன்.

கூட்டம் போட்டார்கள். எங்கள் பிரிவின் பொறியாளர் ஹெலேன், என்னை விட நாலைந்து வயது மூத்தவர். அவரோடு மெருகுப் பிரிவிலிருந்து இருவர், மேலாளர், நான். மேலாளர் வேலைப் பதிவேட்டைத் திறந்து அந்த நாளின் பக்கத்தை எடுத்தார். ட்யூப் வெளியே எடுத்தது எட்டு மணி, திறந்தது ஒன்பது ஐந்து. இரண்டுக்கும் என் கையெழுத்து.

"பசை ஈரம் வாங்கியிருக்கிறது. ட்யூப்பைத் திறந்தது நீங்கள்தானே?" என்று கேட்டார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஒன்பது ஐந்துக்குத்தான் திறந்தேன். அது எனக்கு நிச்சயம். ஆனால் அதைச் சொல்ல வேண்டிய பிரெஞ்சு வாயில் வரவில்லை. என் ஒப்பந்தம் ஜூனில் முடிகிறது என்பதுதான் நினைவுக்கு வந்தது.

அப்போது ஹெலேன் சொன்னார்: "திறந்தது நான். எட்டேகாலுக்கு. அந்தச் சரக்கு கெட்டியாகிவிட்டதோ என்று சந்தேகம். மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூடி வைத்தேன். பரமேஸ்வரி அப்போது உடை மாற்றிக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியாது."

மேலாளர் அதை எழுதிக்கொண்டார். ஏன் பதிவேட்டில் குறிக்கவில்லை என்று கேட்டார். மறந்துவிட்டேன், தவறுதான் என்றார் ஹெலேன். இனிமேல் மூடியின் மேல் ஒட்டுத்தாள் ஒட்டி, திறப்பவர் அதில் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று முடிவானது. பிறகு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். மொத்தம் இருபது நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு வருட வேலை வீணாகியிருந்தது. யாரும் குரலை உயர்த்தவில்லை.

இதை எழுதுவது, வெள்ளைக்காரர்கள் நல்லவர்கள் என்று சொல்வதற்காக இல்லை. ஹெலேனுக்கு நிரந்தர வேலை. உண்மையைச் சொன்னால் வேலை போகாது என்று அவருக்குத் தெரியும். எனக்கு அந்த நிச்சயம் என்றைக்கும் இருந்ததில்லை. ஆனாலும் அவர் சொன்னார். சொல்லாமலும் இருந்திருக்கலாம்.

4

நான் பசை வேலை கற்றது மலாக்காவில். பத்து பெரெண்டாம் என்ற இடத்தில் ஒரு மின்னணுச் சிப்ஸ் ஃபேக்டரி. தோட்டத்து முனையில் ஃபேக்டரி பஸ் வரும். ரப்பர் பால் வெட்டுக்குப் போகிறவர்கள் ஒரு பக்கம், நாங்கள் சுருக்கிட்ட வெள்ளைத் தொப்பியைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு பக்கம் நிற்போம். அங்கே எங்கள் வேலை, உலோகத் தகட்டில் ஒரு பொட்டு வெள்ளிப் பசை வைத்து, அதன் மேல் சிப்பை உட்கார வைப்பது. மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் செய்ய வேண்டும். அந்தப் பசையும் ஃபிரீசரில் இருக்கும். அதற்கும் அதே ஒரு மணி நேரம்தான்.

எனக்குப் பக்கத்து இருக்கையில் காளியம்மாள். எங்கள் தோட்டத்துக்கு அடுத்த டிவிஷன், என்னை விட இரண்டு வயது பெரியவர். காளிக்கா என்று கூப்பிடுவேன். காளியம்மாள் என்பது அவருடைய சொந்தப் பெயர்தான். இதை எழுதுவதாகத் தங்கை மூலம் கேட்டபோது, மாற்றி எழுதக் கூடாது என்று அவரே சொல்லிவிட்டார்.

ஒருநாள் பஸ் வழியில் நின்றுவிட்டது. ஒரு மணி நேரம் தாமதம். அன்றைய எண்ணிக்கை குறையக் கூடாது என்று சூப்பர்வைசர் வாசலிலேயே சொல்லிவிட்டார். நான் ஃபிரீசரிலிருந்து ட்யூப்பை எடுத்தேன். கால் மணி நேரம்கூட வைக்கவில்லை. திறந்து மெஷினில் மாட்டிவிட்டேன். பதிவுப் புத்தகம் காளிக்கா பக்கம் இருந்தது. புத்தகத்துக்குக் கிட்டத்தில் இருப்பவர் இரண்டு பேருக்கும் சேர்த்து எழுதுவது எங்கள் வழக்கம். அவர் நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மூன்று வாரம் கழித்து அந்தச் சரக்கு முழுதும் திரும்பி வந்தது. சிப் தகட்டிலிருந்து கழன்று வருகிறது என்றார்கள். பெரிதாக்கிய படத்தைச் சுவரில் ஒட்டினார்கள். சாம்பல் நிறத்தில், வெள்ளைப் புள்ளிகளோடு. புத்தகத்தைப் புரட்டி, கையெழுத்து யாருடையது என்று பார்த்துக் காளிக்காவைக் கூப்பிட்டார்கள்.

நான் மைக்ராஸ்கோப்பில் குனிந்திருந்தேன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர் நிற்பது தெரிந்தது. "நான்தான் ஸைன் பண்ணேன்" என்று சொன்னதும் கேட்டது. அந்த வாரம்தான் எங்கள் நிறுவனத்தின் பிரான்ஸ் ஃபேக்டரிக்குப் பயிற்சிக்குப் போகும் மூன்று பேர் பட்டியல் வர இருந்தது. என் பெயர் இருக்கிறது என்று எழுத்தர் ஒருவர் சொல்லிவிட்டார். அப்பா தோட்டத்து லய வீடுகள் முழுக்கச் சொல்லியாயிற்று. எழுந்து நாலு எட்டு வைத்தால் போதும். நான் எழவில்லை. அடுத்த சிப்பை எடுத்து வைத்தேன். அது நேராக உட்கார்ந்தது.

பன்னிரண்டு மணிக்கு அவரை நிறுத்திவிட்டார்கள். ஃபேக்டரியின் வெள்ளைச் சப்பாத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் செருப்போடு வெளியே போனார். பஸ் மூன்று மணிக்குத்தான். காவல்காரர் கூண்டுக்குப் பக்கத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார். ஷிஃப்ட் முடிந்து நான் ஏறியபோது வழக்கமான இடத்தில் இருந்தார். பக்கத்தில் எனக்கு இடம் விட்டிருந்தார். உட்கார்ந்தேன். அலோர் காஜா வரும்வரை இருவரும் பேசவில்லை. பிறகு, "இன்னிக்குப் பசியாறிட்டுதான வந்த?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். நான் மலாக்காவை விட்டுப் புறப்படுமுன் நாங்கள் கடைசியாகப் பேசியது அதுதான்.

ஆறு மாதப் பயிற்சிக்கு என்று வந்தேன். ஆள் போதவில்லை என்று நிறுத்திக்கொண்டார்கள். கல்யாணமானது. பிறகு அந்தப் பிரெஞ்சு ஃபேக்டரி தன் லைனை மூடி, மெஷின்களைக் கப்பலேற்றி மலாக்காவுக்கே அனுப்பியது. நான் மட்டும் இங்கே நின்றுவிட்டேன். ஆராய்ச்சிக் கூடத்தில் பசை தெரிந்த கை வேண்டும் என்று தேடினார்கள். போனேன்.

5

கூட்டம் நடந்த அன்று மாலை வீட்டில் ஹெலேன் சொன்னதைச் சொன்னேன். தனசேகர், "பெரிய மனுஷி" என்றார். மாலினி சாப்பிட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அதில் என்ன இருக்கிறது? அவள்தானே திறந்தாள்" என்றாள் பிரெஞ்சில்.

ஒன்பது வயதுக்கு அது அவ்வளவு எளிது. காளிக்காவைப் பற்றி என் கணவரிடம்கூட அதுவரை சொன்னதில்லை. அடுத்த வாரம் சொன்னேன். அவர் டிராம் ஓட்டுகிறவர், எதையும் தண்டவாளத்தில் வைத்துத்தான் பேசுவார். "ஊருக்குப் போறப்ப பாத்துச் சொல்லிட வேண்டியதுதானே" என்றார்.

இருப்பில் இருந்த சிலிக்கனையும் பீங்கானையும் வைத்து மார்ச்சில் இரண்டாவது கண்ணாடியை ஒட்டினோம். மூடியின் ஒட்டுத்தாளில் நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் எழுத்தையே இரண்டு தடவை வாசித்தேன். ஒலிப் படம் சுத்தமாக வந்தது. ஒரு புள்ளி இல்லை. ஜூனில் என் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார்கள். கண்ணாடி மெருகுக்குப் போய்த் திரும்பி, இந்த மாதம் எக்ஸ்ரே வழியில் பொருத்தப்பட்டுவிட்டது. திரையில் அகலமாக இருந்த வெளிச்சம், மின்சாரத்தைக் கூட்டக் கூட்ட ஒடுங்கி ஒரு கோடாக நின்றது. ஹெலேன் கைகுலுக்கினார். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குள் நான் ஆகஸ்டில் ஊருக்குப் போய் வந்திருந்தேன்.

6

கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் மாலினியும் போனோம். மலாக்காவைப் புகை மூடியிருந்தது. சுமத்ராவில் காடு எரிகிறது என்றார்கள். பகல் இரண்டு மணிக்குச் சூரியனை வெறும் கண்ணால் பார்க்க முடிந்தது. தங்கை ஜெயா சிம்பாங் அம்பாட்டில் இருக்கிறாள்.

"காளியக்காவா? புக்கிட் பெருவாங்ல தாமான் வீட்டுல இருக்காங்க. பள்ளிக்கூட உடுப்பு தைக்கிறாங்க. எதுக்கு இப்ப?" என்றாள்.

"பாக்கணும்."

தாமான் குடியிருப்பில் ஒரு வரிசை வீடு. கம்பிக் கதவுக்கு உள்ளே தையல் மெஷின் ஓடும் சத்தம். கூப்பிட்டதும் நின்றது.

"யாரு?"

"பரமு. பத்து பெரெண்டாம் பரமு."

கதவைத் திறப்பதற்கு முன் கொஞ்ச நேரம் பார்த்தார். தலை ஓரத்தில் நரை விழுந்திருந்தது. கழுத்தில் அளவு நாடா. "உள்ள வா. செருப்ப வெளியவே விட்டுடு. இது மகளா?"

மாலினி தானாகவே தமிழில் பேசினாள். "நீ எப்படி இருக்கே?"

"நீங்கன்னு சொல்லு" என்று அதட்டினேன்.

"விடு லா. என்னைய இப்படி யாரும் கேட்டே ரொம்ப நாளாச்சு. நல்லாருக்கேன் கண்ணு" என்றார் காளிக்கா. அவளுக்கு மைலோ கலக்கிக் கொடுத்து டிவி முன்னால் உட்காரவைத்தார். பிறகு மெஷினுக்கு வந்து ஒரு நீலப் பள்ளிக்கூடப் பினாஃபோரை எடுத்துக்கொண்டார்.

நான் விமானத்தில் யோசித்து வைத்திருந்த முன்னுரை எதுவும் வரவில்லை. "காளிக்கா, அன்னைக்கு ட்யூப்பைத் தொறந்தது நான்தான்" என்றேன்.

அவர் நூலைக் கத்தரித்தார். "தெரியும்."

"எப்படி?"

"ஸைன் பண்றப்ப மெஷின்ல ட்யூப்பைத் தொட்டுப் பாத்தேன். ஐஸ் மாதிரி இருந்துச்சு. தெரிஞ்சுதான் நேரத்த மாத்திப் போட்டேன். பஸ் லேட்டு, எல்லாரும் அப்படித்தானே செய்றாங்க, ஒருநாள்ல என்ன ஆயிரப் போவுதுன்னு நெனச்சேன்." பினாஃபோரைத் திருப்பிப் போட்டார். "நான் வாயத் தொறந்திருந்தா ரெண்டு பேரும் போயிருப்போம். அதனால நான் பேசல. நீ எதுக்குப் பேசல?"

"பிரான்ஸ் லிஸ்ட்டு" என்றேன்.

"ம்."

மெஷின் ஒரு தையல் ஓடி நின்றது. "பஸ்ல சொல்லுவேன்னு நெனச்சேன். அலோர் காஜா வரைக்கும் பாத்தேன். அப்புறம் நானே எதையாவது கேட்டு வச்சேன்."

நான் அழவில்லை. அழுதால் அவர் என்னைத் தேற்ற வேண்டியிருக்கும். அந்த வேலையையும் அவர் தலையில் வைக்க வேண்டாம் என்று இருந்தது.

"எங்கிட்ட சொல்லி என்னா ஆவப் போவுது? எனக்குத் தெரிஞ்சதுதான். அவருகிட்ட சொல்லு. அஞ்சு மணிக்கு வந்துருவாரு" என்றார்.

அவர் என்றால் கணவர் மணி. எண்ணெய்க்கான செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். கல்யாணமான நாளிலிருந்து, சோறு குழைந்தாலும் சட்டையில் ஒரு பொத்தான் மாறினாலும் ஒரு வார்த்தை சொல்வாராம்: "ஃபேக்டரிக்காரன் சும்மாவா வெரட்டுனான்?" அடிக்கிறவர் இல்லை, குடிக்கிறவர் இல்லை, இந்த ஒரு வார்த்தைதான் என்றார் காளிக்கா. இப்போது மகனும் அதைப் படித்துக்கொண்டுவிட்டானாம். வேறு இரண்டு ஃபேக்டரியில் வேலைக்குக் கேட்டுப் போனபோதும், பழைய இடத்தில் விசாரித்துவிட்டு வேண்டாம் என்றிருக்கிறார்கள்.

ஐந்து மணிக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. காத்திருந்தேன். வேறு பேச்சு இல்லாமல், அங்கே என்ன வேலை என்று கேட்டார். கண்ணாடியைப் பற்றிச் சொன்னேன். ஊரில் யாருக்குச் சொன்னாலும் இரண்டாவது வாக்கியத்தில் முகம் வேறு பக்கம் போகும். காளிக்கா மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அம்மாம் பெரிய துண்டா? அப்ப பசைய எப்படி வைப்பீங்க, பொட்டுப் பொட்டாவா?"

"நடுவுல கோடு மாதிரி."

"அதான் சரி. நடுவுலருந்து ஓரத்துக்குத் தள்ளணும். இல்லாட்டி காத்து மாட்டிக்கும். காய வைக்கிறப்ப வெயிட்டு வைப்பீங்களா?"

"வைப்போம்."

"ரொம்ப வச்சா பசை பூரா வெளிய போயிருமே?"

அந்தக் கணக்கைச் சரியாக்க எங்களுக்கு ஆறு மாதம் பிடித்தது. அதைச் சொன்னேன். "பிடிக்கும்லா" என்றார். துணியில் சுண்ணக்கட்டியால் ஒரு பலகை வரைந்து, எந்த இடத்தில் எவ்வளவு எடை என்று கேட்டார். காட்டினேன். ஓரத்தில் கொஞ்சம் குறைக்க வேண்டும் என்றார். அதுவும் சரிதான். பன்னிரண்டு வருடமாக அவர் ஒரு பசை ட்யூப்பைத் தொட்டதில்லை.

அவர் கணவர் ஐந்தேகாலுக்கு வந்தார். சட்டையில் எண்ணெய்க் கறை. என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு உட்கார்ந்தார். காளிக்கா, "ஃபேக்டரியில எங்கூட இருந்த பொண்ணு. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம்" என்றார்.

நான் எழுந்து நின்றேன். "அண்ணே, காளிக்காவை வேலையிலருந்து நிறுத்துனாங்கல்ல, அந்தத் தப்பு என்னோடது. பசை ட்யூப்பைச் சீக்கிரம் தொறந்தது நான். அவங்க ஸைன் மட்டுந்தான் போட்டாங்க. எனக்காகப் பேசாம இருந்துட்டாங்க. நான் சொல்லியிருக்கணும். சொல்லல."

அவர் மனைவியைப் பார்த்தார். "நீ இத எங்கிட்ட சொல்லவே இல்லியே?"

"சொன்னேன். கல்யாணமான புதுசுல. வேலை போனவங்க எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்கன்னீங்க."

அவர் காலுறையைக் கழற்ற ஆரம்பித்தார். ஒன்றைக் கழற்றிவிட்டு நிறுத்தினார். "ஆமா. சொன்ன." பிறகு என்னிடம், "பழைய கதை லா, தங்கச்சி. இதுக்காகவா இம்மாம் தூரம் வந்தீங்க?" என்று சிரிக்கப் பார்த்தார்.

"பழைய கதைன்னா இனிமே அத எடுக்காதீங்க" என்றார் காளிக்கா. குரல் உயரவில்லை. "பையன் முன்னாடியும் எடுக்காதீங்க. அவன்கிட்டயும் நீங்களே சொல்லுங்க."

மாலினி திரும்பி எங்களைப் பார்த்தாள். அவர் ஒற்றைக் காலுறையோடு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்றேன்" என்றார். எழுந்து குளிக்கப் போய்விட்டார். மன்னிப்புக் கேட்கவில்லை. தண்ணீர்ச் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

புறப்பட்டோம். காளிக்கா கம்பிக் கதவுவரை வந்தார். "எம்மேல கோவமா, காளிக்கா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. எதிர் வரிசை வீடுகள் புகையில் பாதிதான் தெரிந்தன. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"எனக்கு அந்த வேலை ரொம்பப் பிடிக்கும்டி, பரமு."

அவருக்குப் போன சம்பளத்தை நினைத்திருக்கிறேன். பெயர் கெட்டதை நினைத்திருக்கிறேன். பன்னிரண்டு வருடத்தில் இது மட்டும் ஒரு தடவைகூட என் நினைப்பில் வரவில்லை. அவர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனார்.